நடுநிலை முகம்

உட்காருங்கள் டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காகிதத்தை மேஜையில் வையுங்கள், படிக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேனா இல்லையா என்பது அப்புறம். கதவைத் திறந்ததும் காகிதத்தை நீட்டி, "நீங்க கையெழுத்துப் போடலீனா திங்கக்கெழம கனிஷ்காவுக்கு டி.சி. குடுத்துருவாங்க மேடம்" என்றீர்கள். ஒரு வணக்கம்கூட இல்லை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மூச்சுவிட ஒரு நிமிஷம் கொடுங்கள், அவ்வளவுதான்.

காபி வேண்டாமா? சரி. கோபமாக வந்த வீட்டில் காபி இறங்காது. தண்ணீராவது குடியுங்கள், இந்த வெயிலில் ஸ்கூட்டியில் வந்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைமேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளைமேல் என்ன வருத்தம்? பள்ளிச் செயலாளர் நாச்சிமுத்துமேலும் கிடையாது. என் சோதனையில் மதிப்பெண் குறைந்த பதினேழு பிள்ளைகளை மலர்ச்சி வகுப்பு என்று ஒரு தனி அறைக்கு அனுப்பச் சொன்னேன். பெற்றோர் வந்து கத்தியதும் பதினாறு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். என்னிடம், "திட்டத்தக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சிருக்கறோம், நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு என்ன ரெஸ்ட்? சரி, அது அவருடைய பண்பு. உங்கள்மேல்? உங்கள்மேலும் கிடையாது. நீங்கள் செய்தது தவறு. அது வேறு, வருத்தம் வேறு.

மிச்சம் கனிஷ்கா ஒருத்தி. ஏனென்றால் அவள் தாளில் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறேன். 'மொழிக் குறைபாடு உள்ளது. சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரைக்கிறேன்.' அதில் என் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. எழுதியவரே திரும்பப் பெற்றால்தான் ஆயிற்று என்கிறார்கள். அது சரியான நடைமுறைதான். நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான்.

இப்போது அந்த அறையில் அவள் ஒருத்திதானா? ஒரே பிள்ளையா? ஆயா மட்டும் கூட உட்கார்ந்திருக்கிறாரா? காலையிலிருந்து நாலு மணி வரைக்குமா? அது சரியில்லை. ஒரு பிள்ளைக்காக ஓர் அறையைப் பூட்டி வைப்பது எவ்வளவு வீண். நான் இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

உங்களுக்கு என் தொழில் என்னவென்றே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'ஆஸ்திரேலியா மேடம்' என்றுதானே சொன்னீர்கள், ஸ்டாஃப் ரூமில்? தெரியும். மெல்போர்னில் பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடங்களில் ஸ்பீச் தெரபிஸ்ட். பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, ஆறு படத்தை வைத்து, கதை சொல்லச் சொல்வது. சொன்ன கதையை அளப்பது. சிரிக்காதீர்கள், கதையை அளக்க முடியும். யார், எங்கே, எப்போது, என்ன சிக்கல், அதற்கு என்ன செய்தார்கள், மனசில் என்ன நினைத்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று. மொத்தம் பன்னிரண்டு மதிப்பெண். வாய்ப்பாட்டை ஒப்பித்துவிடலாம். திருப்பாவையை ஒப்பித்துவிடலாம். கதையை ஒப்பிக்க முடியாது. அதைக் கோக்கத் தெரியாத பிள்ளை நாளைக்குப் பாடப் புத்தகத்தின் முன்னால் திணறும். நான்காம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். நான் வந்தது காப்பாற்றுவதற்காக, டீச்சர். தள்ளிவைப்பதற்காக இல்லை.

படங்களைக்கூட இங்கே வரையவைத்தேன். அங்கே உள்ள படத்தில் ஒரு பையன் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் ஓடுவான், பின்னால் ஒரு வாத்து. நம் பிள்ளைகளுக்கு அது ஒட்டாது. பொள்ளாச்சியில் ஒரு ஓவியரைப் பிடித்தேன். ஒரு பெரியவர் ஆட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார். ஆட்டை ஒரு கம்பத்தில் கட்டுகிறார், குடையைப் பக்கத்தில் சாத்துகிறார். ஆடு குடையைத் தின்றுவிடுகிறது. மழை வருகிறது. கடைசிப் படத்தில் இரண்டு பேரும் ஒரு புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். ஆட்டின் வாயில் குடைக்கம்பி. அந்தக் கம்பியை மூன்று தடவை திருத்தி வரையச் சொன்னேன். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

படத்தை மாற்றலாம், விதியை மாற்றக் கூடாது. விதி மூன்றே மூன்று. பிள்ளை சொல்லும்போது நாம் நடுவில் பேசக் கூடாது. பிள்ளை நின்றுவிட்டால் பத்து வினாடி பொறுத்து, "வேறு ஏதாவது சொல்கிறாயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். முகம் நடுநிலையாக இருக்க வேண்டும். தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, 'ம்' கொட்டக் கூடாது.

அது எளிது என்று நினைக்கிறீர்களா? முதல் வருஷம் என்னால் முடியவே இல்லை. ஒரு சீனத்துப் பையன் கதை சொன்னான். அதை வீடியோ எடுத்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டி, என் தலை எத்தனை தடவை ஆடியது என்று மேலதிகாரி எண்ணினாள். ஏழு நிமிஷத்தில் அறுபத்திரண்டு. 'ம்' தனிக்கணக்கு. அறையே சிரித்தது. எனக்கு ஆடியதே தெரியாது, டீச்சர். யாரோ என் உடம்பில் புகுந்து ஆட்டியது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கழுத்தில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகினேன். என் மகள் மேகாவுக்கு அப்போது நாலு வயது. அவளை எதிரில் உட்காரவைத்து, "நீ பேசு, அம்மா கேக்கறேன்" என்பேன். அவள் பேசுவாள், நான் ஆடாமல் இருப்பேன். மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது என் கழுத்து என் சொல்படிதான் கேட்கும்.

நீங்கள் ஆட்டுகிறீர்கள். நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்ததிலிருந்து, என்மேல் இவ்வளவு கோபத்தோடு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் 'ம்', 'ம்' என்கிறீர்கள். உங்களுக்கே தெரியவில்லை பாருங்கள். தப்பாகச் சொல்லவில்லை. பழக்கம்.

ஆனால் அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் பத்தாவது வரைக்கும் இதே ஊரில் தமிழில் படித்தவள். பதினொன்றாம் வகுப்புக்குக் கோயம்புத்தூரில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ப் போட்டார் அப்பா. வாரத்துக்கு ஒரு நாள் எழுந்து நின்று ஒரு சம்பவத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு மில் முதலாளி வீட்டுப் பெண். அவள் எழுந்தால் அந்த மிஸ்ஸின் தலை நாதஸ்வரக் கச்சேரி கேட்பதுபோல ஆடும். "ம்... ம்... அப்புறம்?" அந்தப் பெண் சொன்னது ஒன்றும் பிரமாதம் இல்லை, ஊட்டிக்குப் போய் வந்த கதை. நான் எழுந்தால் மிஸ் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். முதல் வரி சொல்வேன். ஜன்னல். இரண்டாவது வரி வராது. "ஸ்லோ" என்று எழுதினாள், என் ரிப்போர்ட்டில். நான் ஸ்லோவா? அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், தலையாட்டுவது என்பது ஒரு சலுகை. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கொடுப்பது. அதனால்தான் சொல்கிறேன், யாருக்கும் கொடுக்காதே. மில்காரர் மகளுக்கும் இல்லை, மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவள் மகளுக்கும் இல்லை. எல்லோருக்கும் ஒரே முகம். இதைவிட நியாயம் என்ன இருக்கிறது? சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க வந்தது அது இல்லை என்று தெரியும். கனிஷ்கா விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பர், ஒரு வியாழக்கிழமை. நூலக அறை. வந்தாள், இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் இல்லை. உட்கார்ந்தாள். "இந்தப் படங்களைப் பார்த்து எனக்கு ஒரு கதை சொல்வாயா?" என்றேன். ஆறு படத்தையும் பார்த்தாள். குடைக்கம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு ஊர்ல ஒரு அப்பாரு இருந்தாராமா" என்றாள்.

நின்றுவிட்டாள்.

என் முகத்தைப் பார்க்கிறாள். நான் நடுநிலையாக இருக்கிறேன். பத்து வினாடி. "வேறு ஏதாவது சொல்கிறாயா?" என்றேன். அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் சத்தமாக, "ஒரு ஊர்ல ஒரு அப்பாரு இருந்தாராமா" என்றாள். மறுபடி என் முகத்தைப் பார்க்கிறாள். மறுபடி அதே வரி. இன்னும் சத்தமாக. ஐந்து தடவை, டீச்சர். அதே வரி, ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கூடுதல் சத்தம். கடைசித் தடவை வராந்தாவில் போன பியூன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? ஒரே வாக்கியத்தைக் காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்வது என்பது சாதாரண விஷயம் இல்லை. அது ஓர் அறிகுறி. பத்தொன்பது வருஷத்தில் நான் அதை நாலு பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன், நாலும் பெரிய குறைபாடு. அதோடு நிற்கவில்லை. எழுந்து, மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்து, காதுப் பக்கமாகக் குனிந்து, "ஏனுங் மேடம், உங்களுக்குக் காது கேக்காதுங்களா?" என்றாள்.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. 'பழகும் முறை: குறைவு' என்று போட்டேன். ஒரு ஊர் என்று சொன்னதற்கு ஒரு மதிப்பெண், அப்பாரு என்று தாத்தாவைச் சொன்னதற்கு ஒரு மதிப்பெண். பன்னிரண்டுக்கு இரண்டு. படங்களை அவளே அடுக்கி, ஓரம் தட்டிச் சமமாக்கி, பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போனாள். அதற்கு மதிப்பெண் கிடையாது.

அப்புறம் நீங்கள். ஜனவரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மலர்ச்சி வகுப்புக்குப் போய், என் பெட்டியை எடுத்து — என் அனுமதி இல்லாமல், டீச்சர், அதை மட்டும் நான் மறக்க மாட்டேன் — அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போனில் பதிவு செய்திருக்கிறீர்கள். பத்தொன்பது நிமிஷம். அதைக் கொண்டுபோய்ப் பெற்றோர் கூட்டத்தில் போட்டீர்கள். போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அந்தக் கூட்டத்துக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

இரண்டு நிமிஷம்தான் ஓடியது, அவள் கதையும் வரிக்கு வரி உங்கள் 'ம்' சத்தமும். அதற்குள் ஒரு அம்மா எழுந்து, "எங்கூட்லயும் இப்படித்தானுங். நாம 'ம்' கொட்டலீனா நிப்பாட்டிருவா. தூங்கிட்டோம்னு நெனச்சுக்குவா" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "அந்த மேடம் கண்ணத் தொறந்துட்டே தூங்கறாங்கன்னு புள்ள நெனச்சிருக்கும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாச்சிமுத்து வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். நீங்களும் சிரித்தீர்கள். நான் எழுந்து, "இது உதவி செய்து வாங்கிய கதை, இதைக் கணக்கில் எடுக்க முடியாது" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மெல்போர்னில் ஒரு அறை சிரித்தது, நான் தலையாட்டுகிறேன் என்று. இங்கே ஒரு அறை சிரிக்கிறது, ஆட்டவில்லை என்று. நான் எங்கே போவது?

விடுங்கள்.

எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, டீச்சர். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம், இப்படி மனசுவிட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களைப் பார்த்தால் ஏனோ பேச வருகிறது. என்ன காரணமோ.

மேகாவிடம்கூட வருவதில்லை. அவளுக்கு இப்போது இருபத்தைந்து. அங்கேயே இருக்கிறாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில், "அம்மா, லைன்ல இருக்கியா?" என்பாள். ஒரு போனில் நாலு தடவை கேட்பாள். இருக்கிறேனே, அது என்ன கேள்வி? போன தீபாவளி வாரம் கூப்பிட்டாள். "அம்மா, நான் வேலைய விட்டுட்டேன்" என்றாள். நான் அவசரப்படவில்லை. குறுக்கே விழுந்து 'ஏன் விட்டாய், என்ன ஆச்சு' என்று கத்தும் அம்மாக்கள் இருக்கிறார்கள், நான் அப்படி இல்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பத்து வினாடி தாராளமாகக் கொடுத்தேன். "சரி, வெச்சிடறேன்" என்றாள். அதற்கப்புறம் மெசேஜ்தான். 'நலமா', 'நலம்'. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசவே பொறுமை இல்லை. நான் சோதனை செய்ய வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கொடுங்கள், அந்தப் பதிவைக் கொடுங்கள். அன்றைக்கு இரண்டு நிமிஷம்தானே கேட்டேன். முழுசாகக் கேட்காமல் முடிவு சொல்ல நான் அந்த மிஸ் இல்லை. மதிப்பெண் தாள் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். பேனா. ம், போடுங்கள்.

இல்லை, அது 'ம்' இல்லை. போடுங்கள் என்று சொன்னேன்.

...ஒரு நிமிஷம், நிறுத்துங்கள். சந்தையில் என்ன விற்கிறார்கள் என்று எதற்கு இத்தனை பட்டியல்? கருவாடு, ஈயப் பாத்திரம், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு. சரி. இடத்துக்கு இரண்டு மதிப்பெண். போடுங்கள்.

...உங்கள் 'ம்' என் காதில் இடிக்கிறது. அவள் குரலை மட்டும் கேட்க முயற்சி செய்கிறேன். போடுங்கள்.

...என்ன சொன்னாள்? திரும்பப் போடுங்கள். ஆடு பேசுகிறதா? "நீ மட்டும் சந்தைக்குள்ள போயிட்ட. நான் எத்தன தடவ கூப்பிட்டேன், நீ திரும்பிப் பாத்தியா? பசிச்சுது, பக்கத்துல இருந்தத தின்னேன்." அப்படியா சொல்கிறாள்? அதற்கு அப்பாரு என்ன சொல்கிறார்? "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. வெல பேசிட்டு இருந்தேன், அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

படத்தில் இது இல்லை. படத்தில் எங்கேயும் இல்லை.

இருங்கள், தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன். இல்லை, நீங்கள் உட்காருங்கள், எனக்குத்தான்.

வெயில் அதிகம் இந்த வருஷம். சரி, போடுங்கள். இல்லை, அந்த இடம் மறுபடி வேண்டாம், அதற்கு அப்புறத்திலிருந்து.

...முடிந்துவிட்டதா? மணி அடித்துவிட்டதா? அதனால் முடிவு இல்லை. அந்த ஒரு மதிப்பெண் கிடையாது. மற்றதெல்லாம் கூட்டுகிறேன், பொறுங்கள். யார், எங்கே, எப்போது, சிக்கல், முயற்சி. மனநிலைக்கு முழுசாக, ஆட்டுக்கும் அப்பாருக்கும் தனித்தனியாகச் சொல்கிறாள், அது ஒன்பது வயதில் அபூர்வம். பதினொன்று. பன்னிரண்டுக்குப் பதினொன்று. இந்த ஊரில் நான் சோதித்த நாற்பத்திரண்டு பிள்ளைகளில் இதுதான் அதிகம். நான் மறைக்க மாட்டேன். நியாயம் என்றால் நியாயம்.

அழாதீர்கள், டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன் என்றுதானே சொல்லப்போகிறேன். பதினொன்று வாங்கிய பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்ப நான் என்ன கல்லா?

காகிதத்தைக் கொடுங்கள். 'கனிஷ்கா, நான்காம் வகுப்பு, ஆ பிரிவு, அவர்களுக்கு வழங்கிய பரிந்துரையை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.' சரி. 'திரும்பப் பெறுவதற்கான காரணம்.' இதை ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள்? நானே எழுத வேண்டுமா? காரணம் இல்லாமல் நாச்சிமுத்து ஏற்க மாட்டாரா? அதுவும் சரிதான்.

'சோதித்தவரின் பிழை' என்றா? யார் சொன்னது, நீங்களா? இல்லை டீச்சர். அதை எழுத மாட்டேன். பிழை எதுவும் நடக்கவில்லை. மூன்று விதியையும் கடைப்பிடித்தேன், பிள்ளை இரண்டு வாங்கினாள். அது நடந்த உண்மை. நவம்பரில் இரண்டு. ஜனவரியில் பதினொன்று.

இருங்கள். நவம்பரில் இரண்டு, ஜனவரியில் பதினொன்று.

நடுவில் என்ன நடந்தது? மலர்ச்சி வகுப்பு எப்போது தொடங்கியது? டிசம்பர் முதல் வாரம். நீங்கள் பதிவு செய்தது ஜனவரி இருபதாம் தேதி. ஏழு வாரம். ஏழு வாரத்தில் இரண்டிலிருந்து பதினொன்று! ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்ன பிள்ளை பத்தொன்பது நிமிஷம் கதை சொல்கிறாள், ஆட்டைப் பேசவைக்கிறாள். டீச்சர், மெல்போர்னில்கூட இப்படி ஒரு முன்னேற்றத்தை நான் பார்த்ததில்லை. இதை ஏன் யாரும் பார்க்கவில்லை? நானே பார்க்கவில்லையே. நீங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

எழுதுகிறேன். 'மலர்ச்சி வகுப்பில் அளித்த தனிக் கவனத்தால் பிள்ளை முழுமையாகத் தேறிவிட்டது. எனவே பரிந்துரை தேவையில்லை.' தேதி. கையெழுத்து. முத்திரை அலமாரியில் இருக்கிறது, இதோ.

என்ன? அப்படி இல்லை என்றால் எப்படி? அந்த அறையில் யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்கிறீர்கள். ஆயா மட்டும்தான் இருந்தார் என்கிறீர்கள். இருக்கட்டும். அமைதியான சூழல் கிடைத்திருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அதுவே போதும். நீங்கள் வாத்தியார், நான் சோதிப்பவள். காரணத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது என்ன? பிள்ளைக்கு டி.சி. கொடுக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்புக்கு மற்றவர்களோடு போக வேண்டும். போவாள். திங்கட்கிழமையே அவளைப் பழைய இடத்தில் உட்காரவைக்கலாம். இந்தக் காகிதத்தை வேண்டாம் என்றால் சொல்லுங்கள், கிழித்துவிடுகிறேன். வேறு காரணம் எழுத எனக்குத் தெரியாது.

எடுத்துக்கொண்டீர்களா? நல்லது. கசங்காமல் பைக்குள் வையுங்கள்.

சாயந்திரம் நாச்சிமுத்துவுக்கு நானே போன் செய்கிறேன். நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றுதானே சொன்னார், எடுத்துவிட்டோம் என்று சொல்லவில்லையே. இப்படி ஒரு சான்று கையில் இருந்தால் அவரே கூப்பிடுவார். கூட்டத்தில் சிரித்தவர்களுக்கும் ஒரு நகல் கொடுக்கச் சொல்கிறேன். ஜூனில் மறுபடி தொடங்கிவிடலாம். இந்தத் தடவை நான்காம் வகுப்புவரை காத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பிலேயே பிடித்துவிட வேண்டும். உங்களிடம் ஒரு சின்ன உதவிதான். காகிதத்தில் பார்த்தேன், உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.